பதினெட்டு மில்லிமீட்டர்

கோந்தர் நகரத்துச் சனிச்சந்தையில்
இரண்டு கிலோ வாங்கினேன்.
எங்கள் ஊரில் அதற்கு வெள்ளை வெங்காயம் என்று பேர்.
கடைக்காரி கேட்டாள், கல்யாணமா?
இல்லை, கிருமிக்கு, என்றேன்.
மீதிச் சில்லறையை
என் கையில் தராமல் தராசில் வைத்தாள்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை
உரிப்பதும் கழுவுவதும்.
இடிப்பவள் ஜெனபெச்.
இடித்தவுடன் தொட விடமாட்டாள்.
பத்து நிமிஷம் சும்மா கிடக்கட்டும் என்பாள்.
முழுப்பல்லுக்கு வாசமே இல்லை, கவனித்தாயா?
அடுத்தடுத்த அறையில் இரண்டு பொருள்
ஒன்றையொன்று அறியாமல் குடியிருக்கும்.
சுவர் இடிந்தால்தான் சந்திக்கும்.
சந்தித்தால்
இந்த நெடி.

கொதிக்கவைத்தால் அந்தக் கோபம் போய்விடுமாம்.
அப்படியென்றால் என் வீட்டு வொத் குழம்பில்
இத்தனை வருஷம் கொதித்தது
வெறும் ருசி.

நாற்பத்தொன்று என்று எழுதிய தட்டு.
நான்காம் வார்டு, காஷாவ், லாரி ஓட்டுகிறவர்,
முழங்காலுக்குக் கீழே ஆறாத புண்.
அவருடைய சீழில் வளர்த்ததை
ஜெல்லி மேல் பஞ்சுக்குச்சியால் பூசினாள்,
மூலை விடாமல், சாணம் மெழுகுவதுபோல.
ஒரு பக்கம் மருந்து தோய்த்த காகித வில்லை.
எதிரே சின்னக் குழியில் பூண்டுச் சாறு.
இன்னொரு குழியில் தண்ணீர்.
அன்று இரவு இரண்டு முறை மின்சாரம் போனது.
காவல்காரர் அய்யாலெவ்
ஜெனரேட்டரைத் திட்டித் திட்டி எழுப்பினார்.

காலையில்
மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
மருந்து வில்லையின் விளிம்பை முட்டிக்கொண்டு
மஞ்சள் மஞ்சளாய் முளைத்திருந்தது.
தண்ணீரைச் சுற்றியும் அப்படியே.
பூண்டைச் சுற்றி மட்டும்
ஒரு வட்டம்,
நான் தேய்த்த கண்ணாடி மாதிரி.
ஸ்கேல் வைத்தாள். பதினெட்டு.
மறுபடி வைத்தாள். பதினெட்டு.
சிரிக்கவில்லை. நோட்டில் எழுதினாள்.
இன்னும் இரண்டு தட்டு பார்க்கணும் என்றாள்.

நான்தான் சிரித்தேன்.
நான்தான் மாடிப்படியில் யெஷாரெகைப் பார்த்தேன்,
காஷாவின் மனைவி, கையில் ஃபிளாஸ்க்.
நான்தான் சொன்னேன்,
உன் வீட்டுக்காரர் கிருமியைப்
பூண்டு ஜெயித்துவிட்டது என்று.

மூன்றாம் நாள்
அலறல் கேட்டு வார்டுக்கு ஓடினேன்.
பச்சைப் பூண்டை அரைத்து அப்பி
ராத்திரி முழுக்க இறுக்கிக் கட்டியிருந்தாள்.
புண் அப்படியே இருந்தது.
அதைச் சுற்றி நல்ல தோல் கொப்பளித்துச்
சிவந்து
ஒரு வட்டம்.
யாரும் அளக்கவில்லை.
எனக்குக் கண்ணாலேயே அளக்கத் தெரிந்திருந்தது.

டாக்டர் யெஷாரெகைத் திட்டினார்.
யார் சொன்னது, யார் சொன்னது?
அவள் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.
என் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

ஜெனபெச்சிடம் நானே போய்ச் சொன்னேன்.
மின்விசிறிக் காற்றில்
உரித்த தோல்கள் மேஜைமேல் பறந்துகொண்டிருந்தன.
ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு காலித் தட்டு ஒன்றை என் முன்னால் நகர்த்தி,
இதற்கு வலிக்குமா?
என்று கேட்டாள்.
அவ்வளவுதான் கேட்டாள்.

சாயங்காலம் நாற்பத்தொன்றை
நீராவிக் கொப்பரையில் நான்தான் வைத்தேன்.
நூற்று இருபத்தொரு டிகிரி.
ஜெயித்தது, தோற்றது, பூண்டு, தண்ணீர்
எல்லாம் ஒரே கூழாய் வெளியே வந்தது.
கழுவிக் கவிழ்த்தேன்.

காஷாவுக்கு வேறு மருந்து
அடிஸிலிருந்து வருகிறதாம்.
இன்னும் வரவில்லை.
சோப்பு போட்டு மூன்று முறை தேய்த்த விரல்களோடு
மினிபஸ்ஸில் உட்கார்ந்தேன்.
பக்கத்திலிருந்தவர்
ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்தார்.
குளிர் காற்று.
மூடச் சொல்லி நான் கேட்கவில்லை.